அளவெடுக்காமல் தைத்த சட்டை

2014-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சேப்பாக்கத்திலுள்ள கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி உடுத்திச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்கள் வாசலிலேயே தடுக்கப்பட்டதும், அதைக் கேட்டு நாடே கொதித்ததும், வேட்டியைக் காரணம் காட்டி எவரையும் இப்படித் தடுக்கலாகாது என்று அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் இயற்றப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நியாயமான சட்டம். ஆனால் உடையால் மனிதர் சிறுமைப்படும் இடம் மன்றத்து வாசல் ஒன்றுதானா?

ஆள் பாதி, ஆடை பாதி என்று நாம் சொல்லிவருவதை, ஆதாம், கலின்ஸ்கி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் வெளியிட்ட பரிசோதனை இன்னும் நுட்பமாக ஆராய்ந்தது. ஒரே விதமான வெள்ளைக் கோட்டைச் சிலரிடம் வைத்தியருடையது என்றும், வேறு சிலரிடம் ஓவியருடையது என்றும் சொல்லி அணிவித்தபோது, வைத்தியர் கோட்டு என்று நம்பி அணிந்தவர்களே கவனத்தைச் சோதிக்கும் பரீட்சையில் மேம்பட்டு நின்றார்கள். ஒரு பரிசோதனையை வைத்துச் சாசனம் எழுதிவிட முடியாதுதான்; என்றாலும், உடை தரும் பலம் துணியில் இல்லை, அத்துணிக்கு உலகம் கொடுத்திருக்கும் மதிப்பில் இருக்கிறது என்பது நம் அனுபவத்துக்கும் ஒத்ததே.

நம் நகரங்களில் விடியற்காலையில் தெருக்கூட்டும் பெண்களைப் பாருங்கள். புடவையின்மேல் ஆணுக்கென வெட்டிய சட்டை. தோள்தையல் புஜத்தில் தொங்குகிறது. கையை இரண்டு மூன்று மடிப்பு மடித்துவிட்டால்தான் துடைப்பம் பிடிக்க முடிகிறது. செயற்கை நூல் கலந்த துணியாதலால், வெயில் ஏறியதும் அது முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. ஆஸ்பத்திரியிலோ, வெள்ளைக் கோட்டைக் கண்டதும் எழுந்து நிற்கிறவர்களே, துப்புரவுப் பணியாளரின் சீருடையைக் கண்டதும், தம் தாயின் வயதினர் என்றும் பாராமல், ‘ஏம்மா, இங்கே வா’ என்று ஒருமையில் அழைக்கிறார்கள். உத்தியோகஸ்தருக்கு நல்ல உடையால் தன்னம்பிக்கை வளர்வது மெய்யானால், அளவெடுக்காமல் தைத்த உடையால் தொழிலாளிக்கு அது நாள்தோறும் தேய்வதும் மெய்யே. அவர் செய்யும் வேலையின் அருமையை நாம் அறியாததற்கு அந்தச் சட்டையும் ஒரு காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கோ-ஆப்டெக்ஸ் என்ற கைத்தறிக் கூட்டுறவு நிறுவனம் இயங்கும் மாநிலத்தில் பருத்தித் துணிக்குப் பஞ்சமில்லை. சீருடைக்கு ஒப்பந்தம் கோருமுன், அணியப்போகிற பெண்களில் சிலரை நகராட்சிகள் அழைத்து, துணியைத் தொட்டுப் பார்க்கச் செய்யட்டும்; பிறகு ஒவ்வொருவரின் அளவுக்கும் வெட்டி, கைப்பேசியும் சில்லறையும் வைக்க ஒரு பையும் சேர்த்துத் தைத்துக் கொடுக்கட்டும்; வரும் ஆண்டின் ஒப்பந்தத்திலேயே இதைத் தொடங்கலாம்.