எந்த லென்ஸ் என்பதற்கு முன் எத்தனை அடி

புதிதாகக் காமிரா வாங்கிய இளைஞர்கள், அதனோடு கூட வந்த லென்ஸில் சிறிது காலம் கைபழகியபின், அடுத்தபடியாக எந்த லென்ஸை வாங்கலாம் என்று என்னிடம் அபிப்பிராயம் கேட்கும்போதெல்லாம், அவர்களுடைய விசாரணை முழுவதும் இரண்டே விஷயங்களைச் சுற்றி வருவதைக் காண்கிறேன். எவ்வளவு தொலைவில் உள்ளதை அது இழுத்துக் காட்டும், பின்னணியை எவ்வளவு மங்கச் செய்யும் என்பவையே அவை. இவை அற்பமான கேள்விகள் அல்ல. ஆயினும் இவ்விரண்டுக்கும் முந்தியதும், எந்தக் கடைக்காரராலும் பதில் சொல்ல இயலாததுமான கேள்வி ஒன்று உண்டு. நாம் படமெடுக்க விரும்பும் மனிதரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கப் போகிறோம்? அதை நிர்ணயித்துக் கொண்டவனுக்கு லென்ஸின் எண் தானாகவே கிடைத்துவிடும் என்பது என் திடமான எண்ணம்.

அகலக் கோண லென்ஸ் முகத்தை விகாரமாக்கிவிடும் என்று பலரும் கண்ணாடியின்மீது பழி சுமத்துகிறார்கள். சட்டத்தின் ஓரங்களில் உருவம் இழுபடுவது வேறு விஷயம். நடுவிலிருக்கும் மூக்கு பெருத்துத் தோன்றுவதற்குக் காரணம் தூரமே. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே நான்கைந்து அங்குலம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை அடியில் நின்று எடுத்த படத்தில் மூக்கு காதைவிட ஏறக்குறைய கால் பங்கு மிகுதியாகப் பெரிதுபட்டிருக்கும். ஆறடி விலகி நின்று எடுத்தாலோ அந்த வித்தியாசம் நூற்றுக்கு ஆறு என்ற அளவுக்குச் சுருங்கி, நாம் பழகி அறிந்த முகம் திரும்ப வந்துவிடும். 24 மில்லிமீட்டர் லென்ஸைப் பூட்டியவன் சட்டத்தை நிரப்புவதற்காக முகத்தருகே போகிறான். 85 மில்லிமீட்டர் லென்ஸைப் பூட்டியவன் அதே காரியத்துக்காகப் பின்வாங்கி நிற்கிறான். ஜூம் வளையத்தைத் திருகுகிறவனோ, நின்ற இடத்தைவிட்டு அசையாமலே அருகில் போய்விட்டதாகப் பிரமை கொள்கிறான். அவன் படத்தில் உருவம் பெரிதாகிறதே தவிர, முன்னிருப்பதற்கும் பின்னிருப்பதற்கும் உள்ள சம்பந்தம் அணுவளவும் மாறுவதில்லை.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் ஆஸ்கர் பர்னாக் உருவாக்கிய லைக்கா காமிரா 1925-ல் வெளிவந்தபோது, 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள அதன் சிறிய சட்டத்துக்கென்று மாக்ஸ் பெரெக் கணித்துக் கொடுத்தது 50 மில்லிமீட்டர் லென்ஸ். அந்தச் சட்டத்தின் மூலைவிட்டம் சுமார் 43 மில்லிமீட்டர். குவிய தூரம் மூலைவிட்டத்தை ஒட்டியிருந்தால் காட்சி மிகையின்றி இயல்பாக அமையும் என்பது பொதுவிதி. பிரெஞ்சுக் கலைஞரான ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் இந்த ஐம்பதையே நம்பியிருந்தார். 1948 ஜனவரி 30-ஆம் தேதி, மகாத்மா சுடப்படுவதற்குச் சற்று முன்பு டில்லியில் அவரைச் சந்தித்து மீண்டவர் அவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி சமாதியடைந்த சமயம் திருவண்ணாமலையில் இருந்தவரும் அவரே. தேசமே துக்கத்தில் கதறிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவில் நின்றபோதும், ஆசிரமத்தின் மௌனத்தில் நின்றபோதும், எந்தக் கண்ணாடியைப் பூட்டலாம் என்ற ஆலோசனைக்கு அவர் இடமே வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை, சுத்தமான கணக்கு. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ், பத்தடி தூரத்தில் ஏழடிக்குச் சற்று மிகுந்த அகலத்தையும், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தையும் தன்னுள் அடக்கும். காமிராவை நிமிர்த்திப் பிடித்தால் நிற்கும் மனிதர் ஒருவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை அதில் அடங்குவார். ஒரே லென்ஸோடு நெடுநாள் வாழ்ந்தவனுக்கு இந்த அளவுகள் கண்ணில் ஊறிவிடுவதால், காமிராவை உயர்த்துமுன்பே சட்டம் அவன் மனத்தில் விழுந்துவிடுகிறது. லென்ஸை மாற்றிக்கொண்டே இருப்பவனுக்கு இந்தப் பரிச்சயம் ஒருநாளும் வாய்ப்பதில்லை.

இனி, துவாரத்தின் மோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃப் 1.8 துவாரமுள்ள லென்ஸைவிட எஃப் 1.2 துவாரமுள்ளது இரண்டேகால் மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. விலையோ பல மடங்கு ஏறிவிடுகிறது. ஸ்டான்லி கூப்ரிக் 'பாரி லிண்டன்' படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுக்க வேண்டுமென்று உறுதி கொண்டதால், சைஸ் நிறுவனம் நாசாவுக்கென்று செய்த எஃப் 0.7 லென்ஸைத் தேடிப் பெற்றார். அவருக்கு அது அத்தியாவசியம். நடுப்பகலில் தெருவைப் படமெடுத்துவிட்டு, அந்தத் தெருவையே அடையாளம் தெரியாத வர்ணக் குழம்பாக்கிவிடுவதற்கு அவ்வளவு பொருளைச் செலவழிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஒருவர் எந்த ஊரில், எந்தக் கடைவாசலில், யாருக்கு அருகில் நிற்கிறார் என்பதெல்லாம் அவருடைய முகத்தைப் போலவே அவரைப் பற்றிய செய்திதான்.

பறவைகளையும் கிரிக்கெட்டையும் எடுப்பவர்களுக்கு நெடிய லென்ஸ் வேண்டும். கல்யாண வேலைக்குப் போகிறவருக்கு, மணவறையைச் சுற்றி உறவினர் நெருக்கும்போது ஜூம் இல்லாமல் தீராது. அவர்களை நான் தடுக்கவில்லை. மனிதர்களையும் அவர்கள் வாழும் இடத்தையும் எடுக்க ஆசைப்படும் மற்ற எல்லோருக்கும் என் யோசனை ஒன்றே: முழுச் சட்டக் காமிராவுக்கு 50, சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி காமிராவுக்கு 35 மில்லிமீட்டர். பழைய லென்ஸானாலும் போதும். ஆனால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை எளிதில் படர்ந்துவிடுமாகையால், டார்ச் விளக்கைப் பின்புறமிருந்து அடித்துச் சோதித்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

நம் கல்லூரிகளில் விஸ்காம் படிக்க வரும் மாணவர்களுக்கும் முதலாண்டு முழுவதும் இந்த ஒரே லென்ஸைத்தான் கையில் கொடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இது மாணவர்களின் கற்பனைக்குத் தடை என்று ஆசிரியர்களில் சிலர் ஆட்சேபிக்கக்கூடும். வகுப்பு முழுவதும் ஒரே லென்ஸில் எடுத்துவந்த படங்களை அவர்கள் வரிசையாகப் பரப்பிப் பார்க்கட்டும். கருவியின் வேறுபாடு அகன்றுபோனபின், தயங்கி வாசலிலேயே நின்றவன் யார், உள்ளே போய்ப் பாட்டியின் எதிரில் உட்கார்ந்து பேசியபின் காமிராவை எடுத்தவள் யார் என்பது ஒவ்வொரு படத்திலும் பிரத்தியட்சமாகத் தெரியும். ஆசிரியர் அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.