வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் கணக்கு எழுதுங்கள்!

சிவகாசிக்குச் சோறு போட்டது எது?

வெயில்!

மழை குறைந்த சீமை. விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள்.

தீக்குச்சி காய வேண்டும். வெடி காய வேண்டும். அச்சடித்த தாள் காய வேண்டும். அதற்குச் சிவகாசி வெயிலைவிட நல்ல துணை ஏது? தீப்பெட்டி வந்தது. பட்டாசு வந்தது. அச்சகம் வந்தது. பகைவனாக இருந்த வெயிலை நம் பெரியவர்கள் வேலைக்காரனாக ஆக்கிக்கொண்டார்கள்.

இப்பொழுது அந்த வேலைக்காரன் முறைக்கத் தொடங்கிவிட்டான்!

விசிறி இல்லாத அறை

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை சின்ன அறை. அங்கே மின்விசிறி சுழலக் கூடாது. ஒரு மின் பொறி பறந்தால் போதும். அறையும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டார்.

வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்று அசையாத இடத்தில் வேர்வை எளிதில் காயாது. தலை சுற்றும். கை நடுங்கும். மருந்தைத் தொடும் கை நடுங்கலாமா?

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இவை வெயிலால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. உராய்வு, தவறான கலவை, ஆள் நெருக்கடி என்று விபத்துக்குக் காரணங்கள் பல. பழியை வெயில் மேல் போட்டுவிட்டு, விதியை மீறுகிறவர்கள் தப்பவும் கூடாது. ஆனால் கரணம் தப்பினால் மரணம் என்ற தொழிலில், வெயில் கூடினால் ஆபத்தும் கூடும்.

வந்தால் ஒரேயடியாக!

"நமக்குத் தண்ணீர்ப் பஞ்சம்தான். வெள்ளம் எங்கே வரப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு.

பக்கத்தில் உள்ள தூத்துக்குடி மாவட்டத்தைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதே சராசரியாக 80 சென்டிமீட்டர் அளவுதான்! ஸ்ரீவைகுண்டத்தில் ரெயில் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தார்கள்.

நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து எரிந்து உலகம் சூடேறி வருகிறது. சூடான காற்று அதிக நீராவியைச் சுமக்கும். 1 டிகிரி கூடினால், சுமை 7 சதவீதம் வரை கூடும். அந்தச் சுமையை ஒரே இடத்தில் இறக்கினால், அதுதான் பேய்மழை. வெயிலும் வெள்ளமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

கரிசல் மண் நனைந்தால் அதன் வெடிப்பு மூடிக்கொள்ளும். பிறகு தண்ணீர் எளிதில் கீழே இறங்காது. ஓட வாய்க்கால் வேண்டும். நிற்கக் கண்மாய் வேண்டும். 2021-ல் திருத்தங்கலும் சேர்ந்து சிவகாசி மாநகராட்சி ஆயிற்று. ஊர் பெருகியது. கண்மாய் பெருகியதா? வரத்துக் கால்வாயில் வீடு கட்டினால், தண்ணீர் அந்த வீட்டுக்குத்தான் விருந்தாளியாக வரும். விருதுநகர் கௌசிகா நதியில் சாக்கடையையும் குப்பையையும் விட்டால், அதுவும் ஒரு நாள் திரும்பி வரும்.

இன்னொன்றும் உண்டு. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால், சில வேளை அது தானே சூடாகிப் பற்றிக்கொள்ளும். நம் ஊரில் வெள்ளமும் தீ வைக்கும்!

யார் வீடு சுடும்?

ஒரே தெரு. ஒரே வெயில். ஒரு வீட்டின் முன் வேப்பமரம். உள்ளே குளிர்ந்த தண்ணீர். அடுத்த வீடு தகரக் கூரை. உள்ளே தனியாக ஒரு பாட்டி. வெயில் இருவருக்கும் ஒன்றுதான். ஆபத்து ஒன்றா?

ஆகவே வெயில் எத்தனை டிகிரி என்று பார்த்தால் மட்டும் போதாது. ஆபத்து எங்கே வரும்? அங்கே யார் இருக்கிறார்? தாங்குவதற்கு அவரிடம் என்ன இருக்கிறது? இந்த மூன்றையும் ஒவ்வொரு வார்டிலும் கணக்கு எடுக்க வேண்டும்.

தகரக் கூரை வீடுகள் எத்தனை? தனியாக இருக்கும் முதியவர்கள் யார்? நிழல் இல்லாத தெரு எது? முன்பு தண்ணீர் நின்ற இடம் எது? அடைபட்ட கால்வாய் எது? மருந்துக் கிடங்கு மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா?

முடியாத காரியம் அல்ல. 2010 மே மாதத்தில் ஆமதாபாத் நகரம் வெயிலில் வெந்து பலரைப் பறிகொடுத்தது. 2013-ல் வெயில் திட்டம் வகுத்தது. முன்கூட்டியே எச்சரிக்கை தந்தது. ஆஸ்பத்திரிகளைத் தயாராக வைத்தது. பின்னர் ஏழைகளின் கூரைக்கு வெள்ளை அடித்தது. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும்.

தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி என்றும் சொன்னது. நல்லது. செத்த பிறகு பணம் தருவது கருணை. சாகாமல் காப்பது கடமை!

ஆலை முதலாளிகளும் வேலை நேரத்தை வெயிலுக்கு முன்பே முடிக்கட்டும். நிழலும், நல்ல தண்ணீரும், இடையில் ஓய்வும் கொடுக்கட்டும். அந்த ஓய்வுக்குக் கூலியைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால், யார் ஓய்வு எடுப்பார்?

பருப்பு, வத்தல், எண்ணெய் விலையை நாட்டுக்குச் சொல்லும் ஊர் விருதுநகர். காலண்டர் அச்சடித்து நாட்டுக்குத் தேதி சொல்லும் ஊர் சிவகாசி. கணக்கில் புலிகளான இந்த ஊர்களுக்கு இந்தக் கணக்கு பெரிதா?

எழுதிய கணக்கை அலுவலக அலமாரியில் பூட்டக் கூடாது. நம் ஊரில் அடிக்கும் காலண்டரிலேயே அச்சடிக்கலாம். நல்ல நேரத்துக்குப் பக்கத்தில், வெயிலில் போகக் கூடாத நேரம் இருக்கட்டும். ஒருவர் வெயிலில் மயங்கினால் நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று இருக்கட்டும். வெள்ளம் வந்தால் ஏறவேண்டிய மேட்டின் பெயரும் இருக்கட்டும்.

தினம் தாள் கிழிக்கும் பிள்ளை, அதைப் படித்துப் பாட்டிக்குச் சொல்லும்!