குஞ்சு பறக்கும் வரை பொறுக்கலாமே!

மே மாதம் பிறந்துவிட்டால் மும்பையில் இரண்டு வேலைகள் ஒரே மரத்தில் நடக்கின்றன. மேலே பறவைகள் குஞ்சு வளர்க்கின்றன. கீழே லாரியை நிறுத்திவிட்டு, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கிளை வெட்டுகிறார்கள். ஜூனில் மழை இறங்குவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும் என்பது மாநகராட்சியின் கணக்கு. அதற்குள் குஞ்சைப் பறக்கவிட வேண்டும் என்பது பறவையின் கணக்கு. இரண்டும் மோதினால் தோற்பது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

கிளை வெட்டவே கூடாது என்று வாதாடுவது என் நோக்கமல்ல. மழைக்காற்றில் மரம் விழுந்து உயிர்ச்சேதம் நேர்வது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. அப்படி விழுகிற மரம் பெரும்பாலும் குடிசையின் தகரத்தின் மேலோ, பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் தலைமேலோதான் விழுகிறது. பங்களாவாசிகளைவிட நமக்கே அதில் ஆபத்து அதிகம். ஆகவே வெட்டட்டும். ஆனால் அதற்கு டிசம்பர், ஜனவரி மாதங்கள் இல்லையா? பருந்து போன்ற சில பறவைகள் குளிர்காலத்தில் கூடு கட்டுவது உண்மைதான். அந்த மரத்தை மட்டும் விட்டுவைத்தால் போயிற்று. மற்றப் பறவைகள் பலவற்றுக்குக் கோடைதான் பிள்ளைப்பேற்றுக் காலம். சரியாக அந்த நேரம் பார்த்து அரிவாளை எடுப்பானேன்?

காக்கையையே எடுத்துக்கொள்வோம். அமாவாசை அன்று ஆபீஸுக்கு நேரமானாலும், ஒரு பிடி சோறு காக்கைக்கு வைக்காமல் நம் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். மறுநாள் அதே காக்கை ஜன்னலுக்கு எதிரே கூடு கட்டினால், கம்பை எடுத்துக்கொண்டு தட்டிவிட நிற்பவர்களும் நாம்தான். இந்த ஊர்க் காக்கை சுள்ளியோடு கம்பியையும் வளைத்துக் கூடு கட்டும். நான்கைந்து முட்டை இடும். பதினாறு, பதினேழு நாள் அடைகாக்கும். குஞ்சு கூட்டை விட்டு வெளியே வர மேலும் மூன்று, நான்கு வாரம் ஆகும். ஆக மொத்தம் ஆறு வாரம். பிராவிடண்ட் பண்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இதைவிட அதிக நாள் காத்திருந்தவர்கள் நம்மில் உண்டு.

அந்தக் கூட்டிலேயே குயிலின் முட்டையும் இருக்கக் கூடும். மாதுங்காவிலும் செம்பூரிலும் விடியற்காலையில் கூவி நம்மை எழுப்புவது ஆண் குயில். காக்கை அதைத் துரத்திக்கொண்டு போகும்போது, பெண் குயில் சத்தமில்லாமல் வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும். குயில் முட்டை காக்கை முட்டைக்குச் சில நாள் முன்னதாகவே பொரிந்துவிடும். ஆக, காக்கைக் கூட்டைக் கலைப்பவர் அடுத்த வருஷத்துக் குயிலோசையையும் சேர்த்தே கலைக்கிறார்.

வெட்டுகிறவர்கள் முதலில் கை வைப்பது பட்டுப்போன கிளையில்தான். அது நியாயமாகவும் தெரிகிறது. ஆனால் “டுக் டுக்” என்று கன்னான் தட்டுவது போல நாளெல்லாம் ஒலி எழுப்புகிறதே, குக்குறுவான் என்ற பச்சைப் பறவை, அது பொந்து குடைவது அந்தப் பட்ட கிளையில்தான். ஏறுகிற ஆளுக்கு அதெல்லாம் தெரிய நியாயமில்லை. அவருக்கு அன்றைய கூலி. இத்தனை மரம் என்ற கணக்கு. ஏறுவதற்கு முன் ஒரு மேற்பார்வையாளர் அண்ணாந்து பார்த்து, “இந்தக் கிளையை இப்போது விடு” என்று சொன்னால் போதும். அப்படிப் பார்க்காததன் விளைவைக் கேரளம் கண்டது. 2022 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் நெடுஞ்சாலைக்காக ஒரு மரத்தை அப்படியே சாய்த்தார்கள். அதிலிருந்த குஞ்சுகள் தரையில் விழுந்து கூட்டங் கூட்டமாகச் செத்தன. பாதுகாக்கப்பட்ட பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டைக்குச் சமம் என்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. மரம் தெருவில் இருக்கிறது.

இன்னொன்று, நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. லீவு நாளில் கீழே கிடந்தது என்று குருவிக் குஞ்சையோ கொண்டைக்குருவிக் குஞ்சையோ கையில் ஏந்திக்கொண்டு ஓடிவருவார்கள். இரக்கம் நல்லதுதான். ஆனால் உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிற குஞ்சு அனாதை அல்ல. பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்துக் கிளையில் வாயில் பூச்சியோடு, நாம் எப்போது நகர்வோம் என்று காத்திருக்கும். அதைப் பெட்டியில் போட்டு, வாயைப் பிளந்து பால் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்ச் செத்துவிடும். நாய், பூனை, வண்டி எட்டாதபடி பக்கத்துச் செடியின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவதே உதவி. மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று பாட்டிமார் சொல்வதில் உண்மை இல்லை. இறகே முளைக்காத பச்சைக் குஞ்சாக இருந்தால், கூடு எட்டுமானால் திரும்பக் கூட்டிலேயே வைத்துவிடலாம்.

இதையெல்லாம் கவனிக்கப் பெரிய படிப்போ, தூரதிருஷ்டிக் கண்ணாடியோ தேவையில்லை. இதே நகரத்தில் பிறந்த சலீம் அலி, 1930 வாக்கில் வேலை இல்லாமல் அலிபாக் பக்கம் கிஹிம் கிராமத்தில் இருந்தபோதுதான், தூக்கணாங்குருவிக் கூடுகளை நாள்கணக்கில் பார்த்துக் குறிப்பெடுத்தார். ஒரே ஆண் குருவி பல கூடு கட்டிப் பல பெடைகளைக் குடிவைக்கிறது என்பதை அப்படி உட்கார்ந்துதான் கண்டுபிடித்தார். நமக்கு வேலை இருக்கிறது. லோக்கல் ரயிலும் இருக்கிறது. ஆனாலும் காலையில் பல் தேய்க்கும் ஐந்து நிமிஷம் நம்முடையதுதானே?

மே மாதம் ஊருக்குப் புறப்படுகிறவர்கள், பூட்டுப் போடுமுன் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி ஓட்டையை ஒரு முறை பார்ப்பது நல்லது. காலியாக இருந்தால் வலை அடித்துவிடலாம். கூடு இருந்தால் சுவிட்சின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு, சாவி வாங்கிக்கொள்கிற பக்கத்து வீட்டம்மாவிடமும் சொல்லிவிட வேண்டும்.

கிளை வெட்டும் விஷயத்துக்கு வருகிறேன். சொசைட்டிக் காம்பவுண்டுக்குள் இருக்கும் மரத்துக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டியது சொசைட்டிதான். செயலாளருக்கு அந்த நினைப்பு வருவது ஏப்ரல் கடைசியில். அனுமதி கைக்கு வரும்போது கூட்டில் குஞ்சு இருக்கும். மனு எழுதுவதில் நம்மவர்களை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. தீபாவளிச் செலவெல்லாம் முடிந்து கை ஓய்ந்திருக்கும் நவம்பரிலேயே, மரம் எத்தனை, எந்தக் கிளை எந்த ஜன்னலை இடிக்கிறது என்று குறித்து, டிசம்பருக்குள் வெட்டித் தரும்படி வார்டு ஆபீஸின் தோட்டத் துறைக்கு எழுதிப் போடுங்கள். நகலில் வரவு முத்திரை வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.