மீதி 344 நாள் யார் இருப்பார்கள்?

ஜூலை பிறந்தால் பிரான்சில் பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை. ஆகஸ்டு முடிவதற்குள் என் சொந்தக்காரப் பிள்ளைகள் இரண்டு மூன்று குடும்பமாவது ஏற்காட்டுக்கு வந்து போகும். ஏரியில் படகு விடுவார்கள், பகோடா பாயின்ட்டில் படம் எடுப்பார்கள், மூன்றாம் நாள் காலை காப்பி குடிக்கும்போது கேள்வி வரும்: "பெரியப்பா, இங்கே ஒரு வில்லா வாங்கிப் போடலாமா, இல்லை சேலத்தில் ஃப்ளாட் வாங்கலாமா?" துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற சேலத்துப் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

என் பதில் இதுதான். மலையில் வில்லா வேண்டாம். அப்பா அம்மாவுக்காக என்றால் சேலத்தில், மனிதர்கள் வசிக்கிற அடுக்குமாடியில், லிஃப்ட் உள்ள ஒரு வீடு. விடுமுறைக்காக என்றால் எதையும் வாங்காதே, வாடகைக்கு எடு.

"நீங்கள் மட்டும் ஏற்காட்டில் இருக்கலாமா?" என்று கேட்பீர்கள். நான் வருடம் 365 நாளும் இருக்கிறேன். கடைவீதிக்குப் பக்கத்தில், இரண்டு பக்கச் சுவருக்கும் அண்டை வீட்டார் உள்ள ஒரு வாடகைப் போர்ஷனில் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரம். உடம்பு முடியாத காலம் வந்தால் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவேன். வில்லாக்காரனால் அப்படி இறங்க முடியுமா?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலம் முழுக்கப் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துத் தமிழில் குறிப்பு எழுதியவன். காகிதத்தைப் பார்க்காமல் கட்டடத்தைப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

வெளிநாடுவாழ் இந்தியரோ, ஓ.சி.ஐ. அட்டை உள்ளவரோ இங்கே குடியிருப்பு வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் இந்த மூன்றையும் வாங்கக் கூடாது. தானமாகவும் பெறக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். 1999-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் அதன் கீழ் 2019-ல் வந்த விதிகளும் இதைச் சொல்கின்றன. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் 3 மடங்கு வரை அபராதம் போடலாம்.

இப்போது ஏற்காடு எப்படிப்பட்ட ஊர் என்று யோசியுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியைக் கொண்டுவந்த நாளிலிருந்து சேர்வராயன் மலை காப்பித் தோட்ட மலை. மேலே சில்வர் ஓக், அதைச் சுற்றி மிளகுக் கொடி, அடியில் காப்பி. வில்லா விற்கிறவன் விளம்பரத்தில் "காப்பித் தோட்டத்தின் நடுவே உங்கள் கனவு இல்லம்" என்று போடுகிறான். வில்லங்கம் அந்த "நடுவே" என்ற சொல்லில்தான் இருக்கிறது. உன் பெயருக்கு எழுதிக் கொடுப்பது அங்கீகரித்த வீட்டுமனையா, அல்லது சுற்றியுள்ள காப்பியும் சேர்ந்த தோட்ட நிலமா? புரோக்கரைக் கேட்டால் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்பார். ஒன்றில்லை. ஒன்று வாங்கலாம், மற்றது வாங்கக் கூடாது.

அது மட்டுமா? ஏற்காடு தாலுகா ஹாக்கா என்று சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. சரிவு, மண், காடு எல்லாம் பார்த்துத்தான் அனுமதி. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது என்பது 2016-ம் ஆண்டுச் சட்டம். இந்த இரண்டு காகிதத்தையும் கேட்டவுடன் முகம் மாறுகிற விற்பனையாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிரான்சிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நொத்தேர் என்று ஒருவர் இருக்கிறார். மூலத்தைப் பார்ப்பார், கடன் இருக்கிறதா என்று தேடுவார், தப்பு நடந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் நம் பிள்ளைகள், "ரிஜிஸ்தர் ஆகிவிட்டது பெரியப்பா, இனி பயமில்லை" என்கிறார்கள். நம் சார்பதிவாளர் நொத்தேர் அல்ல. 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அவர் பத்திரத்தைப் பதிகிறார். விற்கிறவனுக்கு அந்த நிலம் உண்மையிலேயே சொந்தம் என்று உத்தரவாதம் தருவதில்லை. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் நீதான் வக்கீலை வைத்துப் பார்க்க வேண்டும். "பவர் பத்திரத்திலேயே முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. பவர் எழுதிக் கொடுப்பதால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

"அப்பா பெயரில் வாங்கிவிடுகிறோம், அவர் இந்தியாவில்தானே இருக்கிறார்" என்பது அடுத்த யோசனை. பணம் உன்னுடையது, பெயர் அப்பாவுடையது, அனுபவிப்பது நீ என்றால், பினாமிச் சட்டம் கேட்கும் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அப்பா உயில் எழுதாமல் போய்விட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் அக்கா தங்கைகளுக்கும் உனக்கும் சம பங்கு. அக்கா கேட்கமாட்டாள் என்பாய். மாப்பிள்ளை கேட்பார்.

சரி, காகிதமெல்லாம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏனென்று சொல்கிறேன்.

நீ வருடத்துக்கு வருவது மூன்று வாரம். 21 நாள். மீதி 344 நாள் அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? இதற்குப் பதில் சொல்லாமல் வில்லாவா ஃப்ளாட்டா என்று பேசுவது, மாப்பிள்ளை யார் என்று தெரியாமல் கல்யாண மண்டபம் தேடுவது மாதிரி.

யாரும் இருக்கமாட்டார்கள் என்றால் இந்த மலையின் ஈரம் குடியிருக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்காலத்தில் ஒரு மாதம் பூட்டி வைத்த வீட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மெத்தையில் பூஞ்சை, செருப்பில் பூஞ்சை, சுவரில் பச்சை. கதவு உப்பிக்கொண்டு மூடாது. காட்டெருமை வேலியைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கும். ஒரு காவலாளை வைக்க வேண்டும். அவர் பெரும்பாலும் பக்கத்து ஊர் மலைவாழ் குடும்பத்து ஆளாக இருப்பார். எட்டு அறை வீட்டின் வாசலில் ஒரு தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு, வராத எஜமானுக்காகப் புல் வெட்டிக்கொண்டிருப்பார். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களும் இங்கே பெரிய பங்களா கட்டினார்கள், உண்மைதான். அவர்கள் அதில் வாழ்ந்தார்கள். சமையலுக்கு ஒருவர், குதிரைக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர் என்று ஆட்களும் இருந்தார்கள். நீ அந்தப் பங்களாவின் ஓட்டுக் கூரையை மட்டும் காப்பி அடிக்கிறாய்.

"அப்பாவும் அம்மாவும் இருப்பார்கள். நல்ல காற்று" என்பதுதான் பலருடைய பதில். எனக்கு உண்மையான கோபம் இங்கேதான் வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், 78 வயது. அம்மாவுக்கு 74. பிள்ளை வெளிநாட்டில் நல்ல வேலை. பாசமும் உண்டு, குறை சொல்ல முடியாது. மலைச்சரிவில் வில்லா வாங்கி, தோட்டம் போட்டு, இருவரையும் குடிவைத்தான். பக்கத்து நான்கு வீடும் இதேபோல் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கியவை, நான்கிலும் பூட்டு. ஒரு டிசம்பர் இரவு அவருக்கு நெஞ்சு வலி. மின்சாரம் இல்லை, பனிமூட்டம். அந்த அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு இருட்டில் காவலாளைத் தேடிப் போயிருக்கிறார். வண்டி கிடைத்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் விடியப் போகிறது. பிழைத்துக்கொண்டார். பிறகு இருவரும் சேலத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். "வலியைவிட, கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை என்ற பயம்தான் பெரிசு" என்று அந்த அம்மா என் மனைவியிடம் சொன்னார்.

மழை ஓங்கினால் அந்தப் பாதையும் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் மழை இல்லாமலே வண்டி நகராது. வயதானவர்களுக்கு நல்ல காற்று வேண்டும்தான். அதைவிட அவசரமாக வேண்டியது, மருந்துக் கடையும் ஒரு குரலுக்கு எட்டுகிற மனிதரும்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நிலம் விலை ஏறும், ஃப்ளாட் பழசாகும் என்கிறார்கள். அதனால்தான் ஃப்ளாட் வாங்கும்போது யு.டி.எஸ். என்கிற பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் பார்க்கச் சொல்கிறேன். கட்டடம் பழசானால் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று 2022-ம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்ககச் சட்டம் வழி செய்திருக்கிறது. மலை வில்லாவின் விலை ஏறுகிறது என்பது புரோக்கர் வாயில் மட்டும். விற்கப் போகும்போதுதான் வாங்க ஆள் எத்தனை பேர் என்று தெரியும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் வாங்குபவர் வருமான வரியைக் கணிசமாகப் பிடித்துக்கொண்டுதான் பணம் தர வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்று விலகிப் போகிறவர்கள் உண்டு.

அடுக்குமாடியில் சண்டை ஓயாது, பராமரிப்புத் தொகை தரமாட்டார்கள், வண்டி நிறுத்தத் தகராறு என்பதும் உண்மை. ஆனால் பாரிசில் இருக்கும் என் தம்பி மகன் பிறந்ததிலிருந்து அடுக்குமாடியில்தான் வாழ்கிறான். 1965-ம் ஆண்டின் கூட்டுடைமைச் சட்டப்படி வருடம் ஒருமுறை எல்லாரும் கூடிச் சண்டை போட்டு, கணக்குப் பார்த்து, காசு கட்டுகிறார்கள். அங்கே அது நாகரிகம். இங்கே வந்தால் மட்டும் ஃப்ளாட் "புறாக்கூண்டு" ஆகிவிடுமா? அதே பிரான்சில் 2023 முதல் குடியிருக்கும் வீட்டுக்குக் குடியிருப்பு வரி கிடையாது, ஆளில்லாத இரண்டாம் வீட்டுக்கு மட்டும் உண்டு. பூட்டிக் கிடக்கிற வீடு ஊருக்குச் சுமை என்று அந்த நாடு புரிந்துவைத்திருக்கிறது. ஏற்காட்டில் கோடையில் தெருக்குழாய்க்குக் குடத்தோடு நிற்கிற பெண்களிடம் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள். ஆளில்லாத வில்லாவின் புல்தரைக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்.

சிறு வயதில் பிரெஞ்சு வகுப்பில் சொல்லித் தந்த ஒன்று நினைவில் இருக்கிறது. வில்லா என்ற லத்தீன் சொல்லிலிருந்துதான் கிராமம் என்று பொருள்படும் 'வில்லாழ்' வந்தது. பண்ணை வீட்டைச் சுற்றி மக்கள் கூடிக் கிராமம் ஆனது. 'அப்பார்த்மான்' என்பதோ ஒதுக்கித் தனியாக வைப்பது என்ற பொருளில் பிறந்த சொல். இன்றைக்கு இரண்டும் தலைகீழ். வில்லாவில் இருக்கிறவர்தான் ஒதுக்கி வைக்கப்பட்டவர். அடுக்குமாடியில் எதிர்வீட்டுப் பெண் கிண்ணத்தில் குழம்பு கொண்டுவருகிறாள், இரண்டு நாள் கதவு திறக்காவிட்டால் தட்டிப் பார்க்கிறாள்.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, ஏற்காட்டுக்கு வாருங்கள். நல்ல விடுதியில் இரண்டு வாரம் தங்குங்கள், காப்பித் தூள் வாங்குங்கள், சேர்வராயன் கோயிலுக்கு ஏறுங்கள். ஊர் பிழைக்கும், உங்களுக்கும் மிச்சம். பெற்றோருக்கு வீடு வாங்குவதாக இருந்தால், வாங்குவதற்கு முன் அவர்களையே ஒரு வாரம் அங்கே தங்க வையுங்கள். ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார் என்று அவர்களைக் கேளுங்கள். ஒரு பெயராவது சொல்ல முடிந்தால் அட்வான்ஸ் கொடுங்கள்.