நாணயம் விற்பவருக்கும் நியாயம் வேண்டும்



இணைய ஏலத் தளங்களின் விதிமாற்றங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை வாங்குபவர் பக்கம் மட்டுமே நின்றது. 2012-இல் ஈபே தளம் நகல் நாணயங்களுக்குத் தடை போட்டதை நானும் வரவேற்கிறேன். 'காப்பி' என்று பொறிக்கச் சொல்லும் 1973-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தை மதிக்காத நகல்கள் சந்தையைக் கெடுத்தன.

ஆனால் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தரம் பார்த்த நாணயத்துக்கு மட்டுமே தர எண் போடலாம் என்ற ஈபே விதி சிறு வியாபாரிக்கு அடி. 1921-ஆம் ஆண்டு மோர்கன் வெள்ளி டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கில் அச்சான காசு. அதிலுள்ள சுதந்திர தேவியின் காதுக்கு மேலே முடியிழைகள் தேய்ந்திருந்தால் வெள்ளி விலைக்குச் சற்று மேலேதான் போகும். தரச்சான்று, தபால், காப்பீடு எல்லாம் போக என்ன மிஞ்சும்?

அதைவிடப் பெரிய அநீதி 2008-லேயே வந்துவிட்டது. அதன்பின் ஈபேயில் வாங்குபவரைப் பற்றி விற்பவர் எதிர்மறைக் கருத்து எழுத முடியாது. நல்ல காசை வைத்துக்கொண்டு தேய்ந்ததைத் திருப்பி அனுப்புகிறவரைப் பற்றி மற்ற வியாபாரிகளை எச்சரிக்கவும் வழியில்லை. திரும்பி வரும் நாணயத்தில் விற்பனைப் படத்தில் உள்ள அதே கீறலும் கறையும் இருந்தால்தான் பணம் திரும்பும் என்ற விதியையாவது தளங்கள் கொண்டுவர வேண்டும்.

நாணய சேகரிப்பாளர் ஒருவர், கோவை