வெயிலுக்குப் பயந்து காற்றைப் பிடுங்காதீர்கள்

பங்குனி பிறந்தால் போதும், போடி வட்டாரத்துப் பஞ்சர் கடைகளில் ஓர் உபதேசம் இலவசமாகக் கிடைக்கும். "வெயில் காலம்ணே, காத்தக் கம்மியா வச்சுக்கங்க. இல்லாட்டி வெடிச்சுரும்." சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் என்று அந்தச் சாலையில் எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் இதே வாக்கு. டிராக்டர் வைத்திருப்பவர் சொல்கிறார். டிவிஎஸ் எக்ஸெல் வைத்திருப்பவர் தலையாட்டுகிறார். வாத்தியார்களும் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் இது தப்பு. மலையடிவாரத்தில் நம் வண்டிகளுக்கு ஆகிற பஞ்சர்களில் ஒரு வகையை நாமே கூப்பிட்டு வரவழைக்கிற தப்பு.

அந்த வகையைக் கண்டுபிடிப்பது சுலபம். அடுத்த முறை கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஓர் இடத்தில் குமிழி வந்தால் ஆணி, முள். இரண்டு இடத்தில், கொஞ்சம் இடைவெளி விட்டு ஜோடியாகக் குமிழி வந்தால் டியூபைத் துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். பொட்டுப்பொட்டாக ஓட்டை இருக்காது. அரிசி நீளத்துக்கு இரண்டு கீறல் இருக்கும். பிறகு டயருக்குள் கையை விட்டுத் தடவுங்கள். ஆணி இல்லை, முள் இல்லை, டயரில் துளையே இல்லை. "முள்ளு குத்திட்டு விழுந்துருச்சு போல" என்று கடைக்காரர் சொல்வார். டயரைத் துளைக்காமல் உள்ளே போய், டியூபில் இரண்டு இடத்தில் குத்திவிட்டு, சுவடில்லாமல் வெளியேறிய முள்! சீமைக்கருவேலத்துக்கு எத்தனையோ கெட்ட பெயர் உண்டு. இதையும் அதன் தலையில் கட்ட வேண்டாம்.

நடந்தது வேறு. வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கிற காற்று. பின் சக்கரத்தின் மேல் 150 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் உட்கார்ந்தாலோ, தேங்காய் மூட்டையைக் கட்டினாலோ அவ்வளவு வந்துவிடும். காற்று 36 பவுண்டு இருந்தால், அந்த எடையைத் தாங்க ஏறத்தாழ 9 சதுர அங்குல டயர் தரையில் படிந்தால் போதும். 22 பவுண்டாகக் குறைத்தால் 15 சதுர அங்குலம் படிய வேண்டும். அவ்வளவு படிய வேண்டுமானால் டயர் அந்த அளவுக்குச் சப்பையாக வேண்டும். சப்பையாக ஆக, தரைக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கிற இடம் குறைகிறது. அந்த நிலையில் தோப்புப் பாதையில் ஒரு கல், ஓடையைக் கடக்கும்போது ஒரு பாறை விளிம்பு. டயர் முழுவதும் அமுங்கி, கல்லுக்கும் ரிம்மின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் டியூப் மாட்டி நசுங்குகிறது. ஓரம் இரண்டு, ஆகவே கீறலும் இரண்டு. காற்று போதுமான அளவு இருந்தால் அதே கல்லில் ஏறி இறங்கிப் போயிருப்பீர்கள். இடுப்பு கொஞ்சம் முணுமுணுத்திருக்கும், அவ்வளவுதான்.

சரி, வெடிக்கும் என்கிறார்களே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். விடியற்காலை 25 டிகிரியில் 28 பவுண்டு அடித்திருக்கிறீர்கள். மத்தியானம் தார்ச்சாலையில் ஓடி, உள்ளே இருக்கிற காற்று 60 டிகிரிக்கு ஏறிவிட்டது. அழுத்தம் எவ்வளவு ஆகும்? 33 பவுண்டு. ஐந்து கூடியிருக்கிறது. பல 100 சிசி வண்டிகளில் பின்னால் ஆள் ஏறினால் 36க்கு மேல் அடிக்கச் சொல்லி கம்பெனியே எழுதியிருக்கிறது. அதே டயர்தான் அதையும் தாங்குகிறது. இந்த ஐந்துக்கு அது வெடிக்காது. கம்பெனிக்காரன் அளவு சொல்லும்போதே அது குளிர்ந்த டயருக்கான அளவு. ஓடினால் சூடாகும், கூடும் என்று தெரிந்துதான் சொல்கிறான்.

இந்தப் பயம் சைக்கிள் காலத்துச் சொத்து என்பது என் அனுமானம். வெயிலில் நிறுத்திய சைக்கிள் டப்பென்று வெடித்ததை ஊரில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அங்கேயும் குற்றவாளி வெயில் மட்டுமல்ல. தேய்ந்து நூல் தெரிகிற டயர், அதில் ஒரு கிழிசல், கிழிசல் வழியே பிதுங்கி நிற்கிற டியூப். வெயில் கடைசித் தள்ளு தள்ளியது. ஊர் அதைக் காற்றின் மேல் எழுதிவிட்டது.

உண்மையில் டயரைச் சூடாக்குவது காற்றுக் குறைவுதான். சப்பையான டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. மடங்க மடங்க ரப்பர் உள்ளுக்குள்ளேயே சூடாகிறது. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் டயரின் மேல்தோல் உரிந்து வண்டி கவிழ்ந்த விவகாரம் அது. டயரில் குறையா, வண்டியில் குறையா என்று இரண்டு நிறுவனங்களும் மல்லுக்கு நின்றன. அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப வந்த எண் 26. ஃபோர்டு அந்த வண்டிக்குச் சொல்லியிருந்த காற்று அளவு அது. போதாது என்பது டயர் நிறுவனத்தின் வாதம். டெக்சாஸ், புளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில்தான் அடி அதிகம். அதே ஆண்டு நிறைவேறிய சட்டத்தின் பலனாக அங்கே புதுக் கார்களில் ஓர் எச்சரிக்கை விளக்கு வந்தது. அந்த விளக்கு எரிவது காற்று கூடினால் அல்ல, குறைந்தால்.

இந்த வெடிக்கும் பயத்துக்கு ஒரு கிளை நம்பிக்கையும் உண்டு. "மலைக்கு மேலே போனா காத்து தானா ஏறும், கொஞ்சம் எறக்கிட்டுப் போ." போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்குப் போனால் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் கூடுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயரில் ஒன்றரை பவுண்டு கூடியதாகக் காட்டும். ஆனால் மேலே ஐந்தாறு டிகிரி குளிர். அதனால் ஒரு பவுண்டு இறங்கும். மிச்சம் அரை பவுண்டு. அதற்காகக் கீழேயே ஐந்து பவுண்டைத் திறந்துவிட்டு, ஏலத்தோட்டத்துக் கல் பாதையில் போய் டியூபை நசுக்கிக்கொண்டு நிற்கிறோம்.

இளைஞர்கள் வேறு ஓர் ஆதாரத்தோடு வருகிறார்கள். செல்போனில் டிரையல்ஸ் பந்தயத்தைக் காட்டி, "பாருங்கண்ணே, பாறையில ஏறுறவன் 5 பவுண்டுதான் வச்சிருக்கான்" என்கிறார்கள். உண்மைதான். 1909இல் தொடங்கிய ஸ்காட்லாந்து ஆறு நாள் டிரையல்ஸ் பந்தயத்துக்குப் போகிறவர்கள் இன்று பின் சக்கரத்தில் நாலைந்து பவுண்டுதான் வைக்கிறார்கள். ஆனால் அந்த வண்டியைக் கொஞ்சம் கவனியுங்கள். எடை 70 கிலோவை ஒட்டி. சீட் கிடையாது, ஓட்டுபவர் நின்றுகொண்டு, கல்லுக்கு முன்னாலேயே முன் சக்கரத்தைத் தூக்கிவிடுகிறார். போகிற வேகம் பல இடங்களில் மனிதர் நடக்கிற வேகம். எல்லாவற்றுக்கும் மேலாக, பின் சக்கரத்தில் டியூபே இல்லை. நசுங்குவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. டியூப் போடுகிற முன் சக்கரத்தில் அவர்களே இன்னும் கொஞ்சம் கூட வைக்கிறார்கள். டயர் ரிம்மில் நழுவி டியூபின் மவுத்தைப் பிடுங்காமல் இருக்க ஒரு பூட்டும் மாட்டியிருப்பார்கள். நம் ஊர்ப் பையன்கள் குரங்கணிப் பக்கம் கொண்டுபோகிற எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் வண்டிகளின் கம்பிச் சக்கரத்தில் பெரும்பாலும் டியூப்தான். வண்டி அந்த டிரையல்ஸ் வண்டியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எடை. பின்னால் ஒரு மாப்பிள்ளை வேறு. மண்ணில் பிடிப்புக்காக இரண்டு மூன்று பவுண்டு குறைப்பதை நான் மறுக்கவில்லை. 15க்கு இறக்கிவிட்டுக் கல்லைப் பழிப்பதுதான் கூடாது.

கல்லுப்போல அடைத்து வைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிகக் காற்றில் பிரேக் பிடிப்பு போகும், டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். ஆணிக்கும் கருவேல முள்ளுக்கும் எந்த அளவும் மருந்தல்ல. வண்டியில் ஒட்டிய சீட்டிலோ கையேட்டிலோ உள்ள எண்ணை வையுங்கள். பாரம் ஏற்றினால் பாரத்துக்கான எண்ணை வையுங்கள். எக்ஸெல்காரர்களில் பலர் மூட்டை ஏற்றிய பிறகும் தனியாக ஓட்டுகிற அளவிலேயே போவதைப் பார்க்கிறேன்.

அளப்பதற்கும் நேரம் உண்டு. பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். ஆனால் மெட்டிலிருந்து இறங்கி, டயர் கொதிக்கும்போது அங்கே நிறுத்தினால் கேஜ் நாலைந்து கூடுதலாகத்தான் காட்டும். "ஜாஸ்தியா இருக்குண்ணே" என்று பையன் வால்வை அழுத்தக் கையை நீட்டுவான். அழுத்த விடாதீர்கள். அன்று அவன் பிடுங்கிவிட்ட ஐந்து பவுண்டு, மறுநாள் காலை டயர் ஆறியதும் 28 இருக்க வேண்டிய இடத்தில் 23 ஆக நிற்கும். அந்த 23இன் மேல்தான் நீங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு தோப்புக்குப் புறப்படுவீர்கள்.