இளநீர் பிரேக்!

திண்டிவனம் தாண்டியதும் என் பழைய காரின் பிரேக் பெடல், பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே போச்சு. பக்கத்தில் மாமனார்! கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து ஓரம் கட்டினேன்.

"என்ன மாப்ளே?"

"இளநீர் சாப்பிடலாம் மாமா!"

விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் வந்தார். பிரேக் ஆயில் டப்பா காலி.

"மாசாமாசம் ஊத்தறேனே?"

"அது எங்கே போகுதுன்னு பார்த்தீங்களா சார்?" என்றவர், பின்சக்கரத்தின் உள்பக்கத்தைத் தடவினார். விரலெல்லாம் ஈரம். வீல் சிலிண்டர் ரப்பர் அவுட்!

"லைனிங் தேய்ஞ்சா ஆயில் கொஞ்சம்தான் இறங்கும். மாசாமாசம் குறைஞ்சா லீக்தான். நாலு சக்கரத்துலயும் ஈரம் இல்லேன்னா, பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்க."

ரிப்பேர் முடிந்ததும் கதவைத் திறந்தேன். மாமனார் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"இளநீர் போதும் மாப்ளே!"